லாம்பர்ட் அள்ளி வந்த கோதுமை

அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் வரிசையாகக் கட்டிப்போட்ட பழைய சரக்குக் கப்பல்களுக்குக் காவலர்கள் பலர் இருந்தார்கள். தான் காவல் காத்த கப்பலிலேயே இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வேலை பார்த்தவர் லாம்பர்ட் கான்க்ளின் ஒருவர்தான். கப்பலின் பெயர் ஐசக் டன்லீவி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் இரும்புத் தகடுகளை அவசர அவசரமாகப் பற்றவைத்துக் கடலில் இறக்கியது. அதன் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டபடி ஏழு முறை அட்லாண்டிக்கைத் தாண்டினார். நேப்பிள்ஸில் மாவு மூட்டை இறக்கியபோது, சிந்தியதைப் பெண்கள் மண்ணோடு கூட்டி அள்ளிப் போனதை நின்று பார்த்தவர்.

பத்து வருஷம் கழித்து அதே கப்பலின் வயிற்றில் அரசாங்கத்தார் கோதுமையைக் கொட்டி மூடினார்கள். விளைச்சல் மிஞ்சிவிட்டதாம், வெளியே விட்டால் விலை விழுந்துவிடுமாம். விற்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். வைக்கோற்போர் நாய்க்கு அரசாங்கச் சம்பளம் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும், த்தூ!

வாராவாரம் கோதுமையின் சூட்டை அளப்பது லாம்பர்ட்டின் வேலை. ஆகஸ்டில் மூன்றாம் சரக்கறையில் சூடு ஏறியது. உடனே வேறு அறைக்கு மாற்றிக் காற்றாட விட்டால் பிழைக்கும். மூன்று வாரம் எழுதிக் கொடுத்தார். மேலாளர் ஹேஸ்கெல் மூன்று முறையும் சூட்டின் அளவைக் குறைத்துத் திருத்தி, 'நன்று' என்று மேலே அனுப்பினார். நான்காம் வாரம் மூடியைத் திறந்தால் புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது. எங்கு பார்த்தாலும் வண்டு. லாம்பர்ட் தன் சாப்பாட்டு டப்பாவைக் காலிசெய்து, அதில் நிறைய அள்ளிக்கொண்டுபோய் மேலாளரின் மேஜைமேல் வைத்தார்.

"மோந்து பாருங்க சார். இப்ப மாத்தினாலும் பாதி தேறும்."

ஹேஸ்கெல் டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாரைக் கேட்டுய்யா வெளிய எடுத்தே? அரசாங்கச் சொத்து. ஒரு மணி எடுத்தாலும் திருட்டுதான்."

"இதையா திருடுவாங்க? எங்க வீட்டுக் கோழிகூடக் கொத்தாது சார்!"

ஹேஸ்கெல் ஒரு தாளை நிரப்பி நீட்டினார். 'நல்ல தரக் கோதுமை நான்கு பவுண்டு அனுமதியின்றி எடுத்தேன்' என்றிருந்தது.

"கையெழுத்துப் போடு, எச்சரிக்கையோட விட்டுடறேன். ரிட்டயராக மூணு வருஷம் இருக்கில்ல? வீம்பு பண்ணினா இன்னிக்கே மூட்டையக் கட்டு."

போட்டால் வேலை நிலைக்கும்; கோதுமை நல்லதென்று லாம்பர்ட் வாயாலேயே சொன்னதாகிவிடும், அப்புறம் அது கிடந்து மக்கும். கப்பலில் அடித்த நாற்றத்தைவிட அந்த 'நல்ல' மோசமாக நாறியது அவருக்கு. டப்பாவை ஹேஸ்கெலின் மூக்கடிக்குத் தள்ளினார்.

"நல்லதுன்னு எழுதினது நீங்க. ஒரு வாய் போட்டுக்குங்க சார், நான் கையெழுத்துப் போடறேன்."

ஹேஸ்கெல் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் வேலைநீக்கத் தாளைத் தேடினார்.