வெள்ளையடித்த பேனர்

திருப்போரூர் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர் பூங்கொடி கேட்ட முதல் கேள்வியே ரக்ஷாவுக்குப் புரியவில்லை.

“இந்தம்மாவ எவ்ளோ தூக்கணும் மேடம்?”

“தூக்கணுமா?”

“கலர் மேடம். கல்யாணப் பொண்ணுன்னா கொஞ்சமா தூக்குவோம், கட்சிக்காரங்கன்னா நல்லாவே. இவங்களுக்கு?”

திரையில் இருந்தவர் கென்யாவிலிருந்து கருத்தரங்கில் பேச வரும் பேராசிரியை. நல்ல கருப்பு. கல்லூரி விரிவுரையாளரான ரக்ஷா அவருக்குத்தான் பேனர் அடிக்க வந்திருந்தாள். “அப்படியே இருக்கட்டும்” என்றாள், தனக்கே கேட்காத குரலில். பிறகு எதற்கும் கேட்டுவிடலாமென்று துறைத்தலைவர் ஹரிஹரனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“ஃபாரின் கெஸ்ட்மா. பளிச்சுன்னு சிவப்பா இருக்கட்டும்” என்றார் அவர், படத்தைப் பார்க்காமலே.

போனை வைத்ததும் பூங்கொடி தலைப்பைப் படித்தாள். “‘கருப்பினப் பெண்ணியம்’னு போட்டுகீது. மூஞ்சிய வெள்ளையாக்கிட்டு இது மட்டும் இன்னாத்துக்கு மேடம்? தலைப்பையும் மாத்திடலாமா?”

ரக்ஷா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பூங்கொடி மவுஸை நகர்த்த நகர்த்த, பேராசிரியை கோதுமை நிறத்துக்கு வந்து, அதையும் தாண்டிப் போனார்.

ஊரையே சிவப்பாக்கும் பூங்கொடிக்குக் கடையில் இடம் தடுப்புப் பலகைக்குப் பின்னால். படாளம் காலனியிலிருந்து பஸ் மாறி வருகிறவள். கடையில் அவளைவிட மூத்த டிசைனர் இல்லை. முதலாளி உலகநாதன் மாமல்லபுரத்தில் கிளை திறக்கப் போகிறார் என்றதும், அந்தப் பொறுப்பைத் தனக்குத் தரும்படி கேட்டாள். அவருக்கு மனசு நொந்துவிட்டது.

“பொம்பளைங்களுக்கு நான் எடம் குடுக்கலியா? கவுண்டர்ல திவ்யா கீறா. உங்க காலனிக்குக் குடுக்கலியா? பார்த்திபன் கீறான். இன்னும் இன்னாம்மா வேணும்? சரி, யோசிச்சி சொல்றேன், போ.”

திவ்யா பெண்தான், ஆனால் கோயில் தெருப் பெண், சிவப்பு, கல்லாவுக்கு லட்சணம். பார்த்திபன் காலனிதான், ஆனால் ஆண், பைக்கில் நாலு இடம் போய்வருவான். பெண்ணும் காலனியும் கருப்பும் ஒரே ஆளாக வந்து நின்றால் எந்தக் கணக்கில் வைப்பது? பாவம், அவர் தர்மவான், குழம்பிப்போனார்.

கருத்தரங்கு மாமல்லபுரத்துக் கடலோர விடுதியில். லட்சணமாக இருக்கட்டும் என்று ஹரிஹரனே பொறுக்கிய மாணவிகள் பட்டுப்புடவையில் பன்னீர்ச்செம்போடு வாசலில் நின்றார்கள். பேராசிரியை எழுதியதை அங்கே யாரும் படித்ததில்லை. எல்லோரும் படித்தது பேனரைத்தான். நாஸ்தா சாப்பிட வந்த ஒரு வெள்ளைக்காரச் சுற்றுலாப் பெண்மணிமேல் பன்னீர் விழுந்தது. ஹரிஹரனின் மாலையும் விழுந்தது. விடுதியின் வழக்கம் போலிருக்கிறது என்று அந்தப் பெண்மணி கும்பிட்டபடியே இட்லியைத் தேடிப் போனார். பின்னாலேயே பெட்டியை இழுத்துவந்த கென்யப் பேராசிரியையை, சிறப்பு விருந்தினருக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கும்படி ஹரிஹரன் பணிவான ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டார்.

உள்ளே மைக் சோதித்துக்கொண்டிருந்த ரக்ஷா ஓடி வருவதற்குள், பேராசிரியை பேனரை நிதானமாகப் பார்த்து முடித்திருந்தார். “இந்தப் பெண்மணியை எனக்குத் தெரியாது. ஆனால் இவர் என் பெயரை வைத்திருக்கிறார்” என்றார்.

ஹரிஹரன் உடனே உலகநாதனுக்குப் போன் போட்டார். “எல்லாம் உங்க டிசைனர் பண்ண வேலை சார். கருத்த பொண்ணு இல்லையா, வெள்ளைத்தோல் மேல ஒரு ஆசை.” பிறகு மேடையேறி, குரலற்ற பெண்களின் குரல் பற்றி நெடுநேரம் முழங்கினார். பேராசிரியைக்கு நேரம் போதவில்லை.

சாயங்காலம் ரக்ஷா கடைக்குப் போனாள். உள் அறையில் உலகநாதன் இருந்தார். பலகைக்குப் பின்னால் பூங்கொடி யாருடைய மாப்பிள்ளையையோ சிவப்பாக்கிக்கொண்டிருந்தாள்.

“உங்களைப் பத்தி என் ஆய்வுக் கட்டுரையில எழுதலாம்னு இருக்கேன்” என்றாள் ரக்ஷா.

“அத அப்பால எழுதிக்கலாம் மேடம். கிளை யாருக்குன்னு நாளைக்கு சொல்லப் போறாரு. நானா பண்ண தப்புன்னு நெனச்சிகினு கீறாரு. அன்னிக்கு போன் ஸ்பீக்கர்லதான இருந்துச்சி, நீங்களும் கேட்டீங்க இல்ல? வெள்ளையாக்கச் சொன்னது உங்க சாருதான்னு உள்ள போய் ஓனராண்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மேடம்.”