மிருதங்கம் கோதண்டம் விட்ட ஒரு தட்டு

செவ்வாய்க்கிழமை காலை, மந்தைவெளி வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மருமகள் போனைப் பார்த்துக்கொண்டே வந்து, "மாமா, கோதண்டம் சார் போயிட்டாராம்" என்றாள். வாத்திய இசைத் துறையில் படித்த பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அஞ்சலி எழுதுகிறார்களாம்.

"எத்தினி பேர் எழுதிக்கிறாங்க?" இதுதான் நான் கேட்ட முதல் கேள்வி.

"வந்துக்கினே இருக்கு மாமா. படிச்சு முடியல."

காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். எனக்கு இத்தனை பேர் எழுத மாட்டார்கள்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் இதை அந்த வாட்ஸ்அப்பில் எழுதுகிறாள். பல்கலைக்கழகத்தில் அந்தத் துறையில் அவன் மிருதங்கம் சொல்லிக்கொடுத்தான், நான் கடம். இருவருக்கும் ஒரே வகுப்பறை. ஒரே வயது என்பதால் அவன் என்றே சொல்கிறேன். அவன் பாடத்தைப் பலகையில் எழுதிப் போடுவான். நான் வாயால்தான் சொல்வேன். பிள்ளைகள், "இத கோதண்டம் சார எழுதித் தரச் சொல்றோம் சார்" என்று நகர்ந்துவிடுவார்கள். அவன் எழுதியதும் என் பாடம் அவன் பாடமாகிவிடும். ஒருநாள் பொறுக்காமல் சாக்பீஸ் டப்பாவை ஒளித்து வைத்தேன். "இன்னா நைனா, இனிமே சாக்பீஸும் வாசிக்கப்போறியா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டு, பையிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்தான்.

துறையின் ஆண்டு விழாவில் துறைத் தலைவி அம்மாவின் வீணைக் கச்சேரி. நடுவில் வீணை நிற்க, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை நாங்கள் இருவரும் வாசித்தோம். பிள்ளைகள் முன்னால் அவனை மிஞ்ச வேண்டுமென்று வேகத்தைக் கூட்டினேன். கடைசிக் கோர்வையை மூன்று முறை சேர்ந்து வாசித்து, பாட்டு தொடங்கும் இடத்தில் முடிக்க வேண்டும். இரண்டாம் முறை நான் ஒரு தட்டை விட்டுவிட்டேன். அவன் சரியாக முடித்தால் நான் தனியாக மாட்டிக்கொள்வேன். என் முகத்தை ஒரு தரம் பார்த்தான். மூன்றாம் முறை அவனும் வேண்டுமென்றே ஒரு தட்டை விட்டான். இருவரும் சேர்ந்து, ஒரு தட்டு முன்னாலேயே முடித்தோம். அம்மா திகைத்து வீணையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

முன்னால் போகிற வாத்தியம் மிருதங்கம். பழி அதன் மேல்தான் விழும்.

"என்ன கோதண்டம், இப்படிப் பண்ணிட்டீங்க?"

"கை நழுவிடுச்சும்மா."

நான் கடத்தை உறையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது, "ஏன்டா அப்பிடிப் பண்ணே?" என்று கேட்டேன்.

"உன்ன விட்டுட்டு நான் மட்டும் எங்கடா போறது?" என்றான். நன்றிகூடச் சொல்லாமல் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அன்றிலிருந்து பொறாமை இரண்டு மடங்காயிற்று.

நேற்று மயிலாப்பூரில் இரங்கல் கூட்டம். பழைய மாணவர் ஒருவர், "கோதண்டம் சாரே ஒருநாள் ஒரு தட்டு விட்டுட்டார். அதச் சொல்லித்தான் என் பசங்களுக்குத் தைரியம் குடுக்கிறேன்" என்றார். எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். எழுந்து உண்மையைச் சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

துறையில் படித்தவர்களே, இங்கே சொல்கிறேன். முதலில் தட்டை விட்டவன் நான். அவன் பெயரிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். அவனிடமிருந்து நான் திரும்ப எடுத்துக்கொள்வது அந்தத் தப்பு ஒன்றுதான், அதுவும் என்னுடையதுதான். நான் செய்த தப்பைக்கூட அவன் செய்ததாகத்தான் இத்தனை காலம் ஆசையாக ஞாபகம் வைத்திருந்தீர்கள் என்று நினைத்தால், இப்போதும் வயிறு எரிகிறது.