இரண்டாம் இடம் போதும் என்றவர்

எண்பத்தெட்டாம் ஆண்டின் கொந்தளிப்பு அடங்கிய பிறகு, இரங்கூனில் ஐந்து பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக் கூடாது என்றிருந்தது. இருட்டிய பின் தெருவில் நடமாடவும் கூடாது. கூட்டத் தடைக்கு மட்டும் மரண வீடு விலக்கு. துக்கம் நிகழ்ந்த வீட்டில் ஏழாம் நாள் வரை சீட்டாடுவது பர்மியர் வழக்கம். காவலர்களும் அதைக் கண்டும் காணாதவர்போல் கடந்து செல்வர். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் வாழ்ந்த நாங்களும் அவ்வழக்கத்தை மேற்கொண்டிருந்தோம்.

இரங்கூனின் பசுந்தாங் பகுதியில் என் அக்காளின் கணவர் இறந்த ஐந்தாம் நாள் நடந்த ஆட்டத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாமற்போன அனுபவம் அப்போது எல்லோருக்கும் இருந்தது. ஆகவே எட்டுப் பேரும் ஒரே எடையில் ஆளுக்கொரு சிறு பொன் துண்டை முன்வைத்தனர். ஆட்டம் மூன்று சீட்டு. ஆளுக்குச் சம அளவில் புளியங்கொட்டை அளந்து தரப்படும். கொட்டை தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும். கடைசி வரை நிற்பவருக்கு ஐந்து பொன், அவருக்கு முன் எழுந்தவருக்கு மூன்று. மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. அக்காள் மாலை விளக்கேற்றினால் ஆட்டம் முடிய வேண்டும். இல்லையேல் ஊரடங்குக்கு முன் எவரும் வீடு சேர முடியாது. விளக்கேற்றும்போது எஞ்சியிருப்போரின் இடத்தை அவரவர் குவியலே தீர்மானிக்கும்.

இன்னுமொரு முறையும் உண்டு. இருவர் இறுதிவரை மோதிச் சீட்டைத் திறந்து காட்டினால், வென்றவர் துக்க வீட்டுச் செலவுக்கென ஒரு நோட்டைக் கிண்ணத்தில் இட வேண்டும். எல்லோரும் சீட்டை மூடிவிட்டால் கிண்ணத்துக்கு எதுவும் விழாது. அன்று கிண்ணத்தை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தவன் நான்.

ஆட்டம் தொடங்குமுன், படகுப்பட்டறையில் தச்சு வேலை செய்துவந்த என் நண்பர் என்னைப் பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டி அருகே அழைத்துச் சென்றார்.

"எம்பையனப் பட்டாளத்துக்காரங்க புடிச்சிட்டுப் போயிட்டாங்கய்யா. முந்தாநாள் சந்தைக்குப் போனவன். சொம தூக்க மலைக்குக் கொண்டுபோறாங்களாம். நாளைக்கு லாரி."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நடுவுல ஒரு ஆளு இருக்கான். பையன விடுவிக்க இந்த எடையில மூணு பொன்னு கேக்குறான். ஏங்கிட்ட இருக்கது ஒண்ணு. அவ தாலியிலருந்து கழட்டிக் குடுத்தா."

"சபையில சொல்லிப் பாப்போமே."

"வேணாம். தேவைக்காரன்னு தெரிஞ்சா மீன் ஏலக்காரரு பெருசாக் கட்டி மெரட்டியே புடுங்கிருவாரு. எனக்கு மொத எடம் வேணாம்யா. ரெண்டாவது போதும். பெரிய குவியலோட மோத மாட்டேன். சின்னவங்க கரையிற வரைக்கும் ஒக்காந்திருப்பேன்."

சொன்னபடியே ஆடினார். மீன் ஏலக்காரர் எப்போதும் கொட்டையை வாரி இறைப்பவர். அவர் முன்வந்த போதெல்லாம் நண்பர் சீட்டைக் கவிழ்த்தார். கொட்டை குறைந்தவர்கள் தவித்துத் துணியும் வேளையில் மட்டும் எதிர்த்து நின்றார். பிற்பகல் மழை பிடித்தபோது ஐவர் எழுந்துவிட்டனர். எஞ்சியவர் மூவர்: ஏலக்காரர், அவரைவிடச் சற்றே குறைந்த குவியலுடன் நண்பர், ஒரு கைப்பிடிகூடத் தேறாத கொட்டையுடன் முதிய தையற்காரர்.

"என் குவியலப் பாத்து எறும்புகூட திரும்பிப் போவுது," என்று தையற்காரர் சிரித்தார்.

நண்பர் செய்ய வேண்டியது ஒன்றே: சும்மா இருப்பது. அப்படியே விளக்கேற்றும் வேளை வந்தாலும் இரண்டாம் இடம் அவருக்கே. அவர் மூடினார், மீண்டும் மூடினார். தையற்காரரும் மூடினார். சீட்டைக் காட்டாமலே ஏலக்காரர் கொட்டைகளை வாரிக்கொண்டிருந்தார். என் கிண்ணத்தில் நெடுநேரம் எதுவும் விழவில்லை.

"என்னா தச்சரே, சீட்ட மூடுறதுக்குத்தான் ஆத்தா பெத்தாளா ஒங்கள?" என்றார் ஏலக்காரர். "இவ்வளவு பெரிய மலைய முன்னால வெச்சுக்கிட்டு. செத்தவரு வந்து கேக்க மாட்டாருன்னு தைரியமா?"

திண்ணமாகச் சொல்கிறேன், நண்பர் அதற்கு அசையவில்லை. வெற்றிலையை மறுகன்னத்துக்கு ஒதுக்கினார், அவ்வளவே.

அப்போதுதான் அக்காள், ஊறிய தேயிலையும் வறுத்த பயறும் வைத்த லப்பெத் தட்டுடன் உள்ளே வந்தாள். தட்டை வைத்தவளின் பார்வை என் மடிக்கருகே சென்றது.

"கிண்ணத்துல ஒண்ணும் விழலியா தம்பி?"

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. காரியத்துக்கு அரிசி வாங்கவேண்டியவள் கேட்ட கேள்வி அது. ஆயினும் நண்பர் தலை நிமிர்ந்து பார்த்தார். பட்டறை மூடிக்கிடந்த மாதங்களில் அவருடைய குடும்பம் உண்டது இறந்தவருடைய அடுப்பிலிருந்து என்பது அங்கிருந்தோர் அனைவரும் அறிந்தது. மரண வீட்டில் பெருங்குவியலை வைத்துக்கொண்டு மோதாதிருப்பவன் இறந்தவரின் பங்கைத் திருடுகிறான் என்றொரு பேச்சும் எங்களிடையே உண்டு.

அடுத்த சீட்டு பகிரப்பட்டது. நண்பர் அருகில் இருந்தமையால் அவர் கையை நான் கண்டேன். மூன்றும் ஒரே இனம், ஆட்டின்; அவற்றுள் பெரியது ஆஸ். அன்று முழுவதும் அவருக்கு வந்தவற்றுள் அதுவே சிறந்தது. வேறொரு நாளானால் அதை மூடுகிறவனை மூடன் என்பார்கள். அன்று அதை மூடுவதே அறிவு.

ஏலக்காரர் தம் குவியலில் பாதியைத் தள்ளினார். தையற்காரர் மூடினார்.

நண்பர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு, அக்காள் உள்ளே சென்ற வாசற்படியைப் பார்த்தார். இரு கைகளாலும் தம் கொட்டை அனைத்தையும் நடுவே தள்ளினார்.

"அப்பாடா! மலை நகந்துருச்சு," என்று ஏலக்காரர் அதற்கு ஈடுகட்டித் தம் சீட்டைத் திறந்தார். நான்கு, ஐந்து, ஆறு. இனம் கலந்த வெறும் வரிசைதான். எனினும் மூன்று சீட்டில் ஓரினத்தை வரிசை வெல்லும்.

நண்பர் எழுந்தார். துக்க வீட்டில் எவரும் விடைபெற்றுச் செல்வதில்லை. அவரும் அப்படியே மழையில் இறங்கினார். மிகுந்த மகிழ்ச்சியால் ஏலக்காரர் ஒன்றுக்கு நான்காக நோட்டுகளைக் கிண்ணத்தில் போட்டார். அக்காள் விளக்கேற்றினாள். கைப்பிடிகூட இல்லாத கொட்டையுடன் இருந்த தையற்காரர், தம் அதிர்ஷ்டத்தை நம்ப முடியாமல், மூன்று பொன்னைக் கைலியின் இடுப்பு முடிச்சில் செருகிக்கொண்டு, ஊரடங்குக்கு அஞ்சி ஓட்டமும் நடையுமாகச் சென்றார்.

ஊரடங்கு நீங்கியதும் விடியலிலேயே தையற்காரர் வீட்டுக் கதவைத் தட்டினேன். செய்தியைக் கேட்டவர் முகத்தில் அடித்துக்கொண்டார்.

"அடப் பாவி மனுசா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே விழுந்திருப்பேனே! மூணு கொட்டதானே இருந்துச்சு ஏங்கிட்ட!"

முடிச்சை அவிழ்த்தபடியே என்னுடன் வந்தார். நண்பர் வீட்டு வாசலிலேயே அமர்ந்திருந்தார். தையற்காரர் பொன்னை நீட்டியபோது அவர் அதைப் பார்த்தார், கை நீட்டவில்லை.

"லாரி வெள்ளனயே போயிருச்சு, பெரியவரே," என்றார்.

அந்தப் பையன் திரும்பவில்லை. எந்த மலை, எந்த வழி என்றுகூட எவரும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நண்பர் மனைவியுடன் வந்தார். வராமலிருப்பது முறையன்று என்று கருதியிருப்பார். அம்மையார் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது. பையன் போன செய்தி அக்காளுக்குத் தெரியும். அன்றைய ஆட்டத்துக்கும் அதற்கும் இருந்த தொடர்பு தெரியாது. எனக்கும் அதைச் சொல்லும் உரிமை இருக்கவில்லை. அவள் அவருடைய இலையில் மீண்டும் சோறு வைத்தாள்.

"சாப்பிடுங்க தச்சரே. கடேசில நீங்க மோதுனதுலதான் கிண்ணம் நெறஞ்சுச்சு. இந்த அரிசியே அதுல வாங்குனது."

நண்பர் ஒரு பருக்கையும் விடாமல் உண்டார்.