என்னைக் கேட்காமல் வாங்கிய சம்மதம்

சபையாரே, இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. கோபத்தோடேயே சொல்கிறேன். தேவன் செய்ததை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

என் மகள் ரூத்துக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் தாமதம். பேச்சு தெளிவாக வராது. ஆனால் பள்ளிக்கூடம் என்றால் அவளுக்கு உயிர். போன ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, அவளை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன். அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன்.

தலைமையாசிரியை ஒரு தாளைக் காட்டினார். என் மகளுக்கு இனி வீட்டிலேயே கல்வி போதும், பெற்றோருக்கு முழுச் சம்மதம் என்று அதில் இருந்தது. கீழே என் கணவரின் கையெழுத்து.

“வாரத்துக்கு ஒரு நாள் டீச்சர் வீட்டுக்கே வருவாங்க. உங்களுக்கும் நல்லதுதானே?” என்றார்.

என் கணவர் தோல் பதனிடும் கம்பெனியில் வேலை செய்கிறவர். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “ஸ்கூல்ல உதவித்தொகைக்குன்னு சொன்னாங்க. ஷிப்ட்டுக்கு நேரமாச்சு, போட்டுட்டேன்” என்று தலையைக் குனிந்தார். மூன்று நாள் அவரிடம் நான் பேசவில்லை.

மறுபடி பள்ளிக்குப் போனேன். “கையெழுத்து போட்டா போட்டதுதாம்மா. மத்த பசங்க படிக்க வேணாமா?” என்றார் தலைமையாசிரியை.

ரூத் தினமும் காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பையை மாட்டினாள். கழற்றப் போனால் என் கையைக் கடித்தாள்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி கேன்டீனுக்குப் பின்னால் நின்று ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. “ஆண்டவரே, இந்தப் பிள்ளையைக் கொடுத்தது நீர்தானே? இன்னும் இன்னா பாத்துக்கினு இருக்கீர்? நான் கேக்கறது நியாயம்னு சொல்ல ஒரே ஒரு ஆளை அனுப்பும்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

இரண்டு நாள் கழித்து, ரூத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வேலைக்குப் போகாமல் இருந்தேன். கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியை ஒருவர் வந்தார். மும்தாஜ் டீச்சர். வீட்டில் வைத்துப் பாடம் சொல்லித்தர வந்தவர். என் ஆத்திரத்தை எல்லாம் அவர்மேல் கொட்டினேன். “உள்ள கால் வைக்காதீங்க. என் பொண்ணு ஸ்கூல்லதான் படிப்பா!”

அவர் நகரவில்லை. “நீங்களே ஆசைப்பட்டுக் கேட்டதாத்தான் எனக்குச் சொன்னாங்க அக்கா. உங்களுக்குத் தெரியவே தெரியாதா?” என்றார். முகம் மாறிவிட்டது. “பேஜாராவாதீங்க. குடுத்த சம்மதத்த வாபஸ் வாங்கலாம். ஒரு பேப்பர் எடுங்க. நான் உக்காந்துக்கினு இருக்கேன், எழுதுங்க.”

வாசலை விட்டு விலகி, அவரை உள்ளே வரச் சொன்னேன். நான் கேட்ட ஆளை ஆண்டவர் அனுப்பியிருக்கிறார்; நான் விரட்டப் பார்த்திருக்கிறேன்.

மனு எழுதினோம். என் கணவர் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் எங்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மணி அடித்தால் ரூத் வெளியே ஓடிவிடுகிறாள், ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள், என்னால் முடியவில்லை என்றார் தலைமையாசிரியை. அது பொய் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

“இத மொதல்லயே என்னைக் கூப்ட்டு சொல்லியிருந்தா நானும் ஒரு வழி பாத்திருப்பேனே மேடம்? ஏமாத்தி எதுக்குக் கையெழுத்து வாங்கினீங்க?”

ரூத் பள்ளிக்கே வரலாம், வாரத்தில் இரண்டு நாள் மும்தாஜ் டீச்சர் அங்கே வந்து உடன் இருப்பார் என்று அதிகாரி எழுதினார். வாரம் ஒரு மதியம் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பச் சொன்னார்கள். சம்மதித்தேன். ‘தொந்தரவு செய்தால் வீட்டுக் கல்வி’ என்று அந்தத் தாளில் ஒரு வரி இருந்தது. அதை அடித்தால்தான் கையெழுத்து என்றேன். அடித்தார்கள்.

ரூத் இப்போது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். ஆண்டவருக்கே ஸ்தோத்திரம். தலைமையாசிரியை இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் முழுசாக மன்னிக்கவில்லை, எனக்காக ஜெபியுங்கள். முன்பெல்லாம் அதிகாரிகளைப் பார்த்தால் ஒதுங்கிப் போய்விடுவேன். இப்போது எங்கள் கம்பெனியில் இப்படிப் பிள்ளை உள்ள தாய்மாருக்கு நான்தான் துணைக்குப் போகிறேன்.

பிள்ளைக்காகப் பேசப் பயந்து இங்கே யாராவது உட்கார்ந்திருந்தால், முதலில் ஆண்டவரிடம் போங்கள். பணிவாகக் கேட்க வரவில்லையா? கோபமாகவே கேளுங்கள். என்னை அவர் தள்ளவில்லை. உங்களையும் தள்ளமாட்டார்.