பதினோராம் மேசையில் இருபது நிமிடங்கள்

மொன்றியலில் தொழில்நுட்ப மாநாடுகள் நடக்கும்போது, வருகிறவர்களைப் பதிந்து பெயரட்டை கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் சில வருடங்கள் வேலை செய்தேன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. காலையில் பதிவு மேசை, மதியத்துக்குப் பிறகு சந்திப்பு மேசை. மென்பொருள் விற்க வந்தவரையும் வாங்க வந்தவரையும் நேரம் குறித்து எதிரெதிரே உட்கார வைக்க வேண்டும். ஒரு சந்திப்புக்கு இருபது நிமிடம். மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும். சிவப்பு அட்டை வாங்கியவர்களுக்குத்தான் இந்தச் சந்திப்பு. நீல அட்டைக்காரர் கண்காட்சியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

அதற்கு முன் ஒரு உடுப்புத் தொழிற்சாலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் நான். முந்திய வருடம் இங்கே ஒரு தமிழ்ப் பெண் தன் மச்சானைச் சும்மா உள்ளே விட்டதால் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை என்று முதல் நாளே காதில் விழுந்தது. எங்கள் ஆட்களைக் கண்டால் ஒதுங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். அப்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகவே செய்த முடிவு.

ஒரு மாநாட்டின் முதல் நாள் காலை, முதுகுப்பையோடு ஒருவர் வரிசையில் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். மொன்றியலின் லாசால் பகுதி முகவரி. நிறுவனத்தின் பெயரைக் கேட்டேன். அவருக்கு நிறுவனம் என்று எதுவும் இல்லை. ஆனால் அந்த இடத்தை வெறுமையாக விட்டால் கணினி ஏற்காது. கொஞ்சம் யோசித்து, தான் குடியிருக்கும் தெருவின் பெயரோடு மென்பொருளுக்கான பிரெஞ்சுச் சொல்லான ‘லொஜிசியெல்’ என்று சேர்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு வெட்கத்தோடு சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“தங்கச்சி, நீங்கள் தமிழோ?”

என் சட்டையில் குத்தியிருந்தது வேதக்காரப் பெயர், கிறிஸ்தவர்கள் வைப்பது. அதை வைத்து எந்த ஊர் என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்தில் எங்கள் மேற்பார்வையாளர், கண்டிப்பான கியூபெக் பெண்மணி, நின்றுகொண்டிருந்தார்.

“பார்தோன், மெஸ்யூ?” என்று தமிழே தெரியாதவள் போலப் பிரெஞ்சில் கேட்டேன்.

அவர் ஆங்கிலத்தில் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டார். நீல அட்டையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனார்.

மத்தியானம் சந்திப்பு மேசைக்கு வந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்வதாகவும், எந்தக் கொன்டெயினர் எப்போது வரும், அதை இறக்க யாரை எங்கே அனுப்ப வேண்டும் என்று காட்டும் மென்பொருளொன்றைத் தானே எழுதியிருப்பதாகவும் ஆங்கிலத்தில் சொன்னார். அப்படி ஒன்றைத் தேடி ஒரு கப்பல் நிறுவனத்தின் அதிகாரி வந்திருந்தார். பதினோராம் மேசை அவருடையது. நீல அட்டைக்கு முடியாது என்றேன். தலையாட்டிவிட்டுச் சற்றுத் தள்ளிப் போய் நின்றார்.

மூன்று மணிக்கு அந்த அதிகாரியைச் சந்திக்க வேண்டியவர்கள் வரவில்லை. அவர் தனியே இருந்து கோப்பி குடித்தார். நான் பார்த்தேன். முதுகுப்பைக்காரரும் பார்த்தார். மெதுவாக என்னிடம் வந்து, “அவர் சும்மாதானே இருக்கிறார், ஐந்து நிமிடம் போதும்” என்று கேட்டார்.

“மன்னிக்க வேண்டும். விதி அப்படி.”

மணி அடித்தது. முதுகுப்பைக்காரர் தன் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மாலை ஐந்தரைக்கு மேற்பார்வையாளர் அட்டவணையைப் பார்த்தார். “மூன்று மணிக்குப் பதினொன்று ஏன் காலி? யாரையாவது போட்டிருக்கலாமே!”

“ஒருவர் கேட்டார். நீல அட்டை.”

“மேசை காலியாக இருக்கும்போது நிறத்தை யார் பார்க்கிறார்கள்?” என்றார்.

பதிவில் இருந்த முதுகுப்பைக்காரரின் இலக்கத்துக்கு அப்போதே தொலைபேசி எடுத்தேன். நாளைக் காலை பத்து மணிக்கு அந்த அதிகாரியைச் சந்திக்க இடம் போட்டுத் தருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். வீட்டுக்குள் கதைத்தது முழுவதும் எனக்குக் கேட்டது.

“அந்த மாநாட்டிலையிருந்து எடுக்கினம். நாளைக்கு வரட்டாம்.”

“நாளைக்கு வேலையெல்லோ? லீவு தருவாங்களோ?” என்று மனைவியின் குரல்.

“இனிக் கேக்கேலாது. இண்டைக்கே கெஞ்சித்தான் எடுத்தனான். எண்டாலும் அந்தப் பிள்ளையைப் பார். எங்கத்தையாளோ தெரியாது, எனக்காக எடுத்துக் கதைக்குது.”

அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் தமிழ் வந்தது. காலையில் பொய் சொன்னவள் இப்போது எந்த முகத்தோடு சொல்வது? அவர் திரும்ப வந்து நன்றி சொன்னார், வர இயலாது என்றார். நானும் ஆங்கிலத்திலேயே சரி என்றேன்.

இரண்டு வருடம் கழித்து, மொன்றியலுக்குப் பக்கத்துப் புரோசார்ட்டில் ஒரு பெண்பிள்ளை பெரியவளானதற்கு வைத்த சாமத்திய வீட்டில் அவரைக் கண்டேன். சாப்பாட்டு வரிசையில் நின்றார், பக்கத்தில் மனைவி. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பேசாமல் போயிருக்கலாம். முடியவில்லை. கிட்டப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சிரித்தார். “அதுக்கென்ன பிள்ளை. வேலையெண்டா அப்பிடித்தான்.”

மனைவி சிரிக்கவில்லை. “அண்டைக்குப் போனிலை நீங்கள் ஒரு சொல்லு தமிழிலை சொல்லியிருந்தா, நான் இவரைத் தள்ளியெண்டாலும் அனுப்பியிருப்பன். ஆரோ தெரியாத ஆக்கள், போனாப் பிறகும் திருப்பி அனுப்பிவிடுவினம் எண்டுதான் பயந்தனாங்கள்.”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா” என்றேன். அவ தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டா.

அந்த மென்பொருள் இப்போது எங்கே என்று அவரிடம் கேட்டேன்.

“அது கிடக்குது. எங்கடை களஞ்சியத்திலையும் இப்ப வேறை ஆரோ செய்த ஒண்டைப் போட்டிருக்கினம். நாள் முழுக்க அதிலைதான் நிக்கிறன்” என்றார். பிறகு, “நல்லாத்தான் செய்திருக்கிறாங்கள். ரெண்டு இடம்தான் பிழை” என்றார்.

அந்த இரண்டு இடங்களும் எவை என்று எனக்கு விளக்கத் தொடங்கினார். வரிசை எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.