சத்தம் போடும் காப்பிப் பாத்திரம்

எங்கள் வீட்டுக் காப்பிப் பாத்திரத்தை அப்பா கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினார். பேச்சுக்குச் சொல்லவில்லை. நீலாய் டவுனில் ஒரு சீனர் கடையில், அடுக்கி வைத்திருந்த பாத்திரங்களுக்கு முன்னால் நின்று, உண்மையாகவே இரண்டு கண்களையும் மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்து வாங்கினார். நான் அப்போது ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அது ஏதோ விளையாட்டு என்று எண்ணி நானும் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

அப்பா செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். வெட்டிப் போட்ட பழக்குலைகளைத் தோட்டத்துக்குள் போகும் மண்பாதைகளிலிருந்து ஏற்றிவந்து சேர்ப்பது அவர் வேலை. நாங்கள் இருந்த லயத்து வீடு அந்த வேலைக்காகக் கொடுத்த வீடு. டிராக்டர் கையில் இருக்கும்வரைதான் வீடும் இருக்கும். அம்மா நீலாயில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்தார். விடிவதற்குள் தொழிற்சாலை பஸ் தோட்டத்து முச்சந்திக்கு வந்து ஹார்ன் அடித்துவிடும். அதற்குள் அம்மாவுக்குக் காப்பி கலந்து கொடுப்பது அப்பாவின் பொறுப்பு. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தானாம். அம்மா தலையை முடிந்துகொண்டே, நின்றபடியே, இனிப்பான டின் பால் ஊற்றிய காப்பியைக் குடித்துவிட்டு ஓடுவார். அப்பாவுக்கு இனிப்புநீர் நோய் என்பதால் அவர் காப்பியில் பாலும் கிடையாது, சீனியும் கிடையாது. இருவரும் உட்கார்ந்து பேசி நான் அதிகம் பார்த்ததில்லை. பேச வேண்டியதெல்லாம் அந்தக் காப்பியிலேயே முடிந்துவிட்டதோ என்னவோ.

அந்த வருடம் காப்பி கெட்டுப்போனது. துணி வடிகட்டியில் கொதிநீரை ஊற்றும்போது பாதி மேசைமேல் போயிற்று. ஒரு நாள் அப்பாவின் இடது கை வெந்து தோல் உரிந்தது. கண்ணாடிக் குவளைகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. அம்மா முதலில் கத்தினார். பிறகு அப்பாவின் முகத்தையே உற்றுப் பார்க்கத் தொடங்கினார். பிறகு காப்பி குடிக்காமலே பஸ்ஸுக்குப் போனார்.

அம்மா சந்தேகப்பட்டதற்குக் காரணம் இருந்தது. ஒரு சாயங்காலம் கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நன்றாக நடந்து வந்துகொண்டிருந்த அப்பா திடீரென்று சாலையோரக் கால்வாயில் விழுந்தார். எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த, தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் இறங்கிக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

"என்னாண்ணே, கொஞ்சம் கூடிருச்சா?"

அப்பா குடிப்பவர் அல்லர். அது மண்டோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் வேடிக்கையாகக் கேட்டார். அப்பா கைலியில் ஒட்டிய சேற்றைத் துடைத்தார். பிறகு சிரித்தார்.

"ஆமாலா. இன்னிக்கிக் கொஞ்சம் கூடிப்போச்சு."

அன்றிலிருந்து அப்பா குடிகாரர் ஆனார். தோட்டத்தில் நல்ல பெயர் எடுக்க வருடக்கணக்காகும். இந்தப் பெயர் எடுக்க ஒரு கால்வாய் போதுமாயிருந்தது. கோயில் படியில் தடுக்கினால் குடி. எதிரே வந்து பேசியவரை அடையாளம் தெரியாமல் விழித்தால் குடி. அப்பா எதையும் மறுக்கவில்லை. மண்டோர் மட்டும் ஒருமுறை வீட்டுக்கே வந்து தணிந்த குரலில் சொன்னார். "வேல நேரத்துல மட்டும் வேணாண்ணே. சாயங்காலம் நீங்க எப்படியோ இருந்துக்குங்க." அப்பா தலையாட்டினார்.

உண்மையில் அப்பாவின் கண்கள் போய்க்கொண்டிருந்தன. இனிப்புநீர் கண்ணில் இறங்கிவிட்டிருந்தது. வெயிலில் ஓரளவு தெரியும். வெளிச்சம் குறைந்தால் ஒன்றும் தெரியாது. இதை அவர் மண்டோரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. குடிக்கிற டிராக்டர்காரனைத் தோட்டம் கண்டிக்கும், மன்னிக்கும், மறுபடியும் கண்டிக்கும். கண் தெரியாத டிராக்டர்காரன் மறுநாளே வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்பா இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டுக் குடிகாரராக இருக்கச் சம்மதித்தார். டிராக்டரைப் பழக்கத்தில் ஓட்டினார். எந்த இடத்தில் பள்ளம், எத்தனையாவது மரத்தில் திருப்பம் என்பதெல்லாம் அவர் உடம்புக்கே தெரியும்.

காப்பிதான் பழக்கத்துக்கு அடங்கவில்லை. கொதிநீருக்கு யாருடைய பழக்கம் தெரியும்?

அம்மா ஓட்டி என்னும் கூடுதல் நேர வேலைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வா பாப்பா, நீலாய்க்குப் போய்ட்டு வருவோம்" என்றார் அப்பா. அவருடைய மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி பஸ்ஸில் கூட்டிப்போனார். பஸ்ஸின் நம்பரைப் படிக்கச் சொன்னார். கடைப் பலகைகளைப் படிக்கச் சொன்னார். என் படிப்பைச் சோதிக்கிறார் என்று நினைத்து எல்லாவற்றையும் உரக்கப் படித்தேன்.

கடையில் இருந்த சீனப் பெண்ணுக்குச் சின்ன வயது, நல்ல பொறுமை. மலாய் மொழியில்தான் பேசினாள். முதலில் ஒரு மின்சார இயந்திரத்தைக் காட்டினாள். அதில் பொத்தான்கள் இருந்தன, எண்கள் ஓடும் சின்னக் கண்ணாடி இருந்தது. காப்பி தயாரானதும் சிவப்பு விளக்கு பச்சையாகுமாம்.

"சத்தம் வருமா?" என்று கேட்டார் அப்பா.

"வராது அங்கிள். சத்தமே இருக்காது" என்றாள் அவள் பெருமையாக.

அப்பா அதை நகர்த்தி வைத்தார். அடுத்தது கண்ணாடிக் குடுவை, நடுவில் அழுத்தும் கம்பி. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

"பாக்க வேணாம்" என்றார் அப்பா.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன்.

மூன்றாவதாக அடுப்பில் வைக்கும் பாத்திரத்தை எடுத்தாள். அடிப்பகுதியில் தண்ணீர், நடுவில் தூள், இரண்டையும் மேல்பகுதியோடு திருகி மூடி அடுப்பில் வைத்தால், தண்ணீர் கொதித்துத் தூள் வழியே ஏறி மேலே காப்பியாக நிற்கும். அதில் அலுமினியம் ஒன்று இருந்தது, எவர்சில்வர் ஒன்று இருந்தது. அப்பா இரண்டையும் வாங்கிக்கொண்டு கடை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இது மங்கலா இருக்கு. அது மின்னுது" என்றார். பிறகுதான் கண்ணை மூடிக்கொண்டார்.

அலுமினியத்தின் திருகு பாதியில் இறுகி நின்றது. எவர்சில்வர் வழுக்கிக்கொண்டு சுற்றியது. அதையே மறுபடி மறுபடி கழற்றி மாட்டினார். அடிப்பகுதிக்குள் விரலை விட்டுத் துழாவியபோது பக்கச்சுவரில் ஒரு குமிழ் தட்டுப்பட்டது. தண்ணீர் அந்தக் குமிழுக்குக் கீழே நிற்க வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் குமிழை விரல்நுனியால் தொட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பிடியைப் பற்றினார். பிடிக்கு நேர் எதிரில் ஊற்றும் மூக்கு. மற்றொரு கையில் ஒரு குவளையை வாங்கி, அதன் விளிம்பில் மூக்கை வைத்துச் சாய்த்துப் பார்த்தார்.

"பிடி இங்கன்னா மூக்கு அங்க. மாறவே மாறாது பாப்பா" என்றார் என்னிடம்.

"இது ரெடி ஆனா எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அவளிடம்.

சத்தம் வரும் என்றாள். என்ன சத்தம் என்றார். அவள் கூச்சத்தோடு தொண்டைக்குள்ளேயே "கொற கொற கொற" என்று செய்து காட்டினாள். பக்கத்து அறையில் இருந்தால் கேட்குமா என்றார். அவள் இன்னும் பலமாகச் செய்து காட்ட, கடையே திரும்பிப் பார்த்தது. அப்பா சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

எத்தனை பேருக்கு வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஒரு ஆளுக்குத்தான். மத்தவங்க சும்மா குடிக்கிறவங்க" என்றார்.

அம்மாவுக்கு அந்தப் பாத்திரத்தைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. லயத்தில் மற்ற வீடுகளில் நடப்பதை அவர் பார்த்திருக்கிறார். ராத்திரி குடித்துவிட்டுக் கூத்தடித்தவன்தான் மறுநாள் பெண்டாட்டிக்குப் பொருள் வாங்கிக்கொண்டு வருவான்.

"என்னா பண்ணிட்டு வந்தீங்க? உண்மையச் சொல்லுங்க."

"ஒண்ணும் பண்ணல. இதுல கோப்பி நல்லா வரும்."

"ஆமா, இங்க பெரிய தொரை வூடு நடக்குது."

மறுநாள் காலையில் அடுப்படியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அம்மா கொண்டையை முடியாமல் அப்படியே நின்று கேட்டார். மேசையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அம்மா குடித்தார். பிறகு தானே இன்னும் அரைக் குவளை ஊற்றிக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கடுத்த நாள் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். நாள் போகப்போகக் கை சுடவில்லை, குவளை உடையவில்லை. அப்பா குடியை விட்டுவிட்டார் என்று அம்மா தானாகவே முடிவு செய்துகொண்டார். எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம்கூடச் சொன்னார். "அந்தச் சனியன விட்டுட்டாருக்கா. எந்தச் சாமி புண்ணியமோ." அதைச் சொல்லும்போது அம்மா அழுதார். அப்பா உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் வந்ததும் தோட்டத்தில் புதிய குழாய் போட ஒரு பாதையைக் குறுக்கே வெட்டினார்கள். கம்பு நட்டுச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். அப்பாவின் உடம்புக்குத் தெரிந்த பாதையில் அந்தப் பள்ளம் இல்லை. மேகம் மூடிய ஒரு காலையில், டிராக்டர் நாடாவை அறுத்துக்கொண்டு முன்சக்கரத்தோடு உள்ளே இறங்கியது. பின்னால் இழுவை வண்டியில் உதிரிப் பழம் பொறுக்கப் போய்க்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பெரியம்மா தூக்கி எறியப்பட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. அவர் உயிர் பிழைத்தார். நடை திரும்பவில்லை.

இந்தக் கதையின் கடைசி வரை போய்விட்டுத் திரும்பி வருகிறேன். நாங்கள் தோட்டத்தை விட்டு நீலாயில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போனோம். அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். சோறு போடுவார், துணி துவைப்பார், பேச மாட்டார். அப்பாவுக்கு முழுவதுமாகக் கண் தெரியாமல் போன பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. எத்தனை நாளாக இப்படி என்று கிளினிக்கில் டாக்டர் கேட்டபோது, தோட்டத்தில் இருந்தபோதே என்றார் அப்பா. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர். அம்மா அப்பாவை வெளியே கூட்டிவந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"குடிக்கலன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, கண்ணு தெரியாமயே அந்த அக்காவ ஏத்திக்கிட்டுப் போனேன்னு ஆயிருக்கும். குடிகாரன்னா ஏதோ புத்தி கெட்டுப் பண்ணிட்டான்னு போயிருவாங்க. இது தெரிஞ்சே பண்ணது."

 அம்மாவின் பேச்சு திரும்பியது, ஆனால் அது பழைய பேச்சாக இல்லை.

விபத்து நடந்த அன்று எனக்கு இது எதுவும் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அப்பா ஆபீஸில் இருக்கிறார் என்றார்கள். ஓடினேன். அம்மா வேலையிலிருந்து வரவில்லை. ஆபீஸில் மானேஜர், கணக்கெழுதும் கிராணி, மண்டோர் மூவரும் இருந்தார்கள். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பஞ்சு ஒட்டியிருந்தது. யாரும் அவர் வாயை முகர்ந்து பார்க்கவில்லை. அதற்கு அவசியம் இல்லை என்று எல்லாருக்கும் தோன்றியிருந்தது.

குடித்திருந்தாயா என்று மானேஜர் மலாயில் கேட்டார்.

குடித்திருந்தேன் துவான் என்றார் அப்பா.

எனக்குத் தாங்கவில்லை. காலையில் நான் அவரோடு இருந்தேன். "இல்ல! எங்கப்பா கோப்பிதான் குடிச்சாரு. நான் பாத்தேன். வெறும் கோப்பி!" என்று கத்தினேன். மண்டோர் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "மாமா, நீங்க சொல்லுங்க!"

அப்பா என் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"வாய மூடு. உனக்கு என்ன தெரியும்? சின்னப் பிள்ள துவான், தெரியாமப் பேசுது."

அவர் அதற்கு முன் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. மண்டோர் தலையைக் குனிந்துகொண்டார். மாத முடிவில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று மானேஜர் சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

கிராணியின் எழுத்து வேலைகள் எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அப்பா என் தோளில் கை வைத்தார். நான் கோபத்தில் வேகமாக நடந்தேன். அவர் விரல்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தன. எல்லார் முன்னாலும் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு இப்போது சமாதானம் செய்கிறார் என்று நினைத்தேன். லயத்து வாசல்களில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தி எங்களைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் நான் நின்றேன். அவரும் நின்றார்.

"வந்துட்டமா?" என்று கேட்டார்.

சொந்த வீட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு வந்துட்டமா என்று கேட்டால் நான் சிரித்துவிடுவேன் என்று எண்ணுகிறார் போலும். எனக்கு ஆத்திரம் பொங்கியது. தோளை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அம்மா வரும்வரை அவர் அங்கேயே, அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். என் கோபம் தணியட்டும் என்று காத்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.