பத்தாம் கோடு

காரின் ரேடியேற்றர் கொதித்து வழிந்தால் என்ன மணம் வரும் என்று உங்களுக்குத் தெரியுமா, பிள்ளைகளே? நாறாது, இனிக்கும். சீனிப்பாகு அடிப்பிடித்தது போன்ற ஒரு மணம், சூடான இரும்பும் ரப்பரும் கலந்து தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், எனக்குப் பன்னிரண்டு வயதான கோடையில், மொன்ட்ரியாலின் லாசால் பகுதியில் ஒரு கராஜுக்குள் வாரத்துக்கு இரண்டு தடவையாவது அந்த மணம் வந்தது. வந்த ஒவ்வொரு தடவையும் நான் உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன். ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

அந்தக் கராஜில் என் அப்பாவுக்குக் கார் கழுவுவதும் நிலம் கூட்டுவதும் வேலை. யாழ்ப்பாணத்தில் அவர் பெயரெடுத்த மெக்கானிக். பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் கண்ணில் காட்டவும் கிடைக்காதபோது, பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்களில் அவரும் ஒருவர். மொன்ட்ரியாலில் அதைக் கேட்க ஆளில்லை. அவருடைய பிரெஞ்சு "போன்ஜூர்", "மெர்சி" என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடும். ஆகவே பள்ளி விடுமுறை விட்டதும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முதலாளி றெஜான் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும், அப்பா சொல்வதைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும்.

றெஜானிடம் ஓர் அமெரிக்கக் கார் இருந்தது. எட்டுச் சிலிண்டர், என் அப்பா கலியாணம் முடிப்பதற்கு முந்திய காலத்துக் கார், பல வருடமாக ஓடாமல் கிடந்தது. ஆகஸ்ட் கடைசியில் பழைய கார்களின் காட்சிக்கு அதை ஓட்டிப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்குள் சரியாக ஓட வைத்தால் அப்பா வாளியை வைத்துவிட்டு மெக்கானிக் வேலைக்கு வரலாம், முடியாவிட்டால் வாளிதான், பிறகு கேட்கவே கூடாது என்றார். நான் சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் அப்பாவுக்குச் சொன்னேன். அன்று வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் போய் அம்மாவிடம் அதைச் சொன்னார்.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்குள் "டக் டக்" என்று ஒரு தட்டல் சத்தம் கேட்கும். அதை அடக்க, நெருப்புப் பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் பிந்த வைப்பார்கள். பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் "டிஸ்ரிபியூட்டர்" என்ற உறுப்பைக் கையால் திருப்பி, சத்தம் மெத்தென்று ஆகும் இடத்தில் இறுக்கிவிடுவார்கள். பெற்றோலில் ஓடும் இந்த எஞ்சினுக்கும் அப்பா காதைச் சரித்துக் கேட்டு அதையே செய்தார். "பாத்தியே, பூனை மாதிரி நிக்குது" என்றார். பூனை பத்து நிமிடத்தில் கொதித்தது.

நான் நூலகத்தில் படம் போட்ட புத்தகம் ஒன்று எடுத்திருந்தேன். பொறி மிகவும் பிந்தி விழுந்தால் எரிவது உள்ளே முடியாமல் புகைக்குழாய் வரை எரிந்துகொண்டே போகும், அந்தச் சூடெல்லாம் தண்ணீருக்குள் இறங்கும் என்று அதில் இருந்தது.

"அப்பா, நெருப்புப் பிந்தி விழுந்தாலும் கொதிக்குமாம். புத்தகத்தில கிடக்கு."

கையில் இருந்த பழைய ஃபான் பெல்ட்டால் என் கெண்டைக்காலில் ஓங்கி அடித்தார். "மண்ணெண்ணெயில கார் ஓட்டினவனுக்கு நீ படிப்பிக்கிறியோ? மூக்குத் துடைக்கத் தெரியாத விசரன்! போய் எல்லாருக்கும் கோப்பி வாங்கிக்கொண்டு வா."

அங்கே நின்ற ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

இரண்டு நாள் கழித்து றெஜான் வந்து என்னிடம் சொன்னார்: "டைமிங்கை, பொறி விழும் நேரத்தை, விளக்குப் பிடித்துப் பார்க்கச் சொல். எஞ்சினின் முன்னால் சுழலும் சில்லில் உள்ள அடையாளம் பத்தாம் கோட்டில் நிற்க வேண்டும். பொறியோடு சேர்ந்து மின்னும் விளக்கு என் அலுமாரியில் இருக்கிறது."

அப்பா கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். "என்னவாம்?"

"தண்ணிப் பம்பை மாத்தட்டாம்" என்றேன்.

கழுவுகிற வேலையையும் செய்துகொண்டு, மூன்று நாள் குனிந்து கிடந்து பம்பை மாற்றினார். கொதித்தது. ரேடியேற்றரைக் கழற்றி உள்ளே கழுவினார், குழாய்களை மாற்றினார். கொதித்தது. றெஜான் அவரைச் "சமையல்காரன்" என்று கூப்பிடத் தொடங்கினார். "இண்டைக்கு என்ன சூப் எண்டு கேக்கிறார், அப்பா." அதை மட்டும் நான் ஓர் எழுத்து விடாமல் சொன்னேன். முதலாளியின் பகிடி என்பதால் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். விளக்கைப் பற்றி றெஜான் இன்னும் இரண்டு தடவை சொன்னார். இரண்டையும் விழுங்கினேன். சாப்பாட்டுக்கு இருக்கும்போது அப்பா, "அந்தாள் வேற ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்பார். "இல்லை" என்றுவிட்டுச் சோற்றைக் குழைப்பேன்.

காட்சிக்கு முந்திய சனிக்கிழமை கார் கடைசித் தடவையாகக் கொதித்தது. ஆற விடப் பொறுமை இல்லாமல், ஒரு துணியைப் போட்டு அப்பா ரேடியேற்றரின் மூடியைத் திருகினார். ஆவி வலது கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அவித்துவிட்டது. அவர் அப்படிக் கத்தியதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. றெஜான் ஓடிவந்து, கார் கழுவுகிற வாளியில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பிக் கையை அதற்குள் வைத்தார். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், எஞ்சின் ஆறட்டும், பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று அப்பா அசையாமல் இருந்தார்.

ஆறியதும் றெஜான் தண்ணீர் ஊற்றி, எஞ்சினை இயக்கி, விளக்கைப் பிடித்தார். அடையாளம் பத்திலும் இல்லை, பூச்சியத்திலும் இல்லை, அதற்கும் அப்பால், பொறி பிந்தும் பக்கத்தில் நின்றது. ஒரு திருகாணியைத் தளர்த்தி, டிஸ்ரிபியூட்டரை ஒரு விரற்கடை திருப்பி இறுக்கினார். அரை மணித்தியாலம் ஓடியது. சூடு காட்டும் முள் நடுவில் போய் நின்றது, அதற்கு மேல் ஏறவில்லை.

"மூன்று வாரமாக இதைத்தானே சொன்னேன். நீ சொல்லவில்லையா?" என்று றெஜான் என்னைக் கேட்டார்.

"என்னவாம்?" என்றார் அப்பா, வாளிக்குள் கையோடு.

அன்றுதான் முழுவதும் சொன்னேன். "விளக்குப் பிடிச்சுப் பாக்கச் சொல்லி மூண்டு கிழமையாச் சொன்னவராம். நான் உங்களிட்டச் சொல்லேல்லையோ எண்டு கேக்கிறார்."

அப்பா வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொடியன் சொன்னவன், நான்தான் கேக்கேல்லை எண்டு சொல்லு."

சொன்னேன். பிழையில்லாத பிரெஞ்சில் சொன்னேன். "அப்படியென்றால் வாளிதான்" என்று றெஜான் தோளைக் குலுக்கினார். அதையும் நானே தமிழில் சொன்னேன்.

ஒரு கிழமை கழித்து வேலைக்குத் திரும்பிய அன்று அப்பா என்னை எழுப்பவில்லை. கையில் கட்டோடு, சட்டைப் பையில் ஒரு சின்னப் பிரெஞ்சு அகராதியோடு தனியே போனார். இன்னும் ஆறு வருடம் அங்கே கார் கழுவினார்.

இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. இன்றைய கார்களில் டிஸ்ரிபியூட்டர் கிடையாது, பொறி எப்போது விழ வேண்டும் என்பதைக் கம்பியூட்டர் பார்த்துக்கொள்கிறது. கையால் திருப்புவதற்கு ஒன்றும் இல்லை. போன கிழமை அப்பாவை டொக்டரிடம் கூட்டிப் போனோம். நான் காரை நிறுத்திவிட்டு உள்ளே போவதற்குள், டொக்டர் பிரெஞ்சில் சொன்னதையெல்லாம் என் மகள் அப்பப்பாவுக்குத் தமிழில் சொல்லி முடித்திருந்தாள். இரத்த அழுத்தம் பார்ப்பதற்காக அப்பா சட்டைக் கையைச் சுருட்டியிருந்தார். தழும்பு முழங்கை வரை வெள்ளையாகத் தெரிந்தது.

"முழுக்கச் சொன்னியோ, பிள்ளை? ஒண்டும் விடேல்லைத்தானே?" என்று கேட்டார்.

"ஓம், அப்பப்பா" என்று அவள் சிரித்தாள்.

கேட்கும்போது அவர் பார்த்தது அவளை அல்ல, என்னை.